இணங்கி

ஞாயிற்றுக்கிழமைகளில் கரைப்பாளையம் ஓடுதளத்திலிருந்து வானூர்திகள் கிளம்புவதற்கு முன்னால், கொட்டகைக்குப் பின்புறம் அடி விழும் சத்தம் கேட்கும்.

கோழிக்குஞ்சுப் பண்ணை வைத்திருந்த சாந்தலிங்கம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தன்னை அறைவதற்கென்றே இரண்டு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அவர்கள் மாறி மாறி அறைவார்கள். உதடு கிழிந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் ரத்தம் ஏறியதும், அந்தச் சூடு ஆறுவதற்குள் ஓடிப்போய்த் தன் சிட்டில் ஏறிக்கொள்வார். இரண்டு பேர் உட்காரும் அந்தச் சின்ன வானூர்திகளை ஊரில் எல்லோரும் சிட்டு என்றுதான் சொன்னார்கள். ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். பல் டாக்டர் ஒருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, விட்டுப்போன மனைவி கடைசியாக அனுப்பிய செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் இணங்கிக்காகத்தான்.

மோட்டாரும் மின்கலமும் விலை குறைந்து, ஒரு சிட்டு ஒரு காரின் விலைக்கு வந்தபோது, உடுமலையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வரை வானத்தில் நெரிசல் உண்டாகிவிட்டது. பொழுதுபோக்குக்காகப் பறக்கிறவர்களுக்கு விதிகள் இருந்தன. ஆனால் இவன் ஒதுங்கட்டும் என்று அவனும், அவன் ஒதுங்கட்டும் என்று இவனும் விறைத்துக்கொண்டு போய் மோதினார்கள். காட்டிலும் கம்பங்கொல்லையிலும் பிணங்கள் விழுந்தன. அப்போதுதான் இணங்கி வந்தது. உள்ளங்கையளவுக் கருவி. சிட்டைத் திருப்ப விமானி பிடித்திருக்கும் பிடியின் வழியாக அவனுடைய நாடித் துடிப்பையும் கைமுறுக்கையும் வியர்வையையும் அறிந்துகொள்ளும். எதிரே இருந்த சிறு கண்ணாடிக் கண் அவன் விழியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு சிட்டுகள் நெருங்கினால் இரண்டு இணங்கிகளும் தமக்குள் பேசி, யார் கடைசி வரைக்கும் ஒதுங்கமாட்டான் என்று கணித்துவிடும். பிறகு இருவருடைய பிடியும் பூட்டிக்கொள்ளும். ஒதுங்காதவனின் சிட்டு நேராகப் போகும். மற்றவனுடையதை இணங்கியே திருப்பிவிடும். சில மூச்சு நேரம் கழித்துத்தான் பூட்டு விடும்.

அதன்பின் வானத்தில் ஒரு மோதல்கூட நடக்கவில்லை. செய்தவர்களுக்கு விருது கொடுத்தார்கள். சாலையில் ஓடும் கார்களிலும் பேருந்துகளிலும் அதையே பொருத்தினார்கள். வேலைக்கு எடுக்கும்போது ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குக் கோபம் எவ்வளவு வரும் என்று பார்த்தே எடுத்தார்கள். பல்லடம் சாலையில் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே ஓட்டுகிறவனுக்கு வழி தானாகத் திறந்தது. சாந்தமாக ஓட்டுகிறவர்கள் சந்திப்புகளில் காத்துக் கிடந்தார்கள்.

யசோதரையும் அவள் கணவன் மருதாசலமும் கொட்டகைக்குப் பின்னால் போனதே இல்லை. உடுமலையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தினாள் யசோதரை. மருதாசலத்துக்குப் பம்புசெட்டுப் பட்டறை. இருவருக்குமாக ஒரே ஒரு மஞ்சள் சிட்டு. கணவாயிலிருந்து வரும் காற்று சிட்டின் வயிற்றுக்கு அடியில் புகுந்து தூக்கும்போது கிடைக்கும் அந்த மிதப்புக்காகத்தான் அவர்கள் வாரம் பூராவும் வேலை செய்தார்கள். யாராவது எதிரே வந்தால் அவர்களுடைய சிட்டுதான் எப்போதும் ஒதுங்கும். மருதாசலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டான்.

“போனாப் போகுது யசோ. வானம் என்ன, தீர்ந்தா போயிரும்?” என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முதலில் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு இறங்கியிருந்தாள். அடுத்த சுற்றுக்கு அவன் மேலே போயிருந்தான். ஓடுதளத்தை நடத்திய பறப்பு மன்றத்தின் கேன்டீனில் ரேடியோப் பேச்சுகளை ஒலிபெருக்கியில் போட்டுவைப்பது வழக்கம். அவள் காப்பி குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாந்தலிங்கமும் அவர் கூட்டாளிகள் இருவரும் வேட்டைக்குக் கிளம்பியிருந்தார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து சாதுவான ஒரு சிட்டைத் தேர்ந்தெடுத்து, இணங்கியை வைத்தே அதை அங்குமிங்கும் விரட்டுவதற்குத்தான் வேட்டை என்று பெயர். முதலில் ஒருவன் இடப்பக்கமாகப் பாய்ந்தான். மஞ்சள் சிட்டு வலப்பக்கம் திரும்பியது. பூட்டு விட்டதும் அடுத்தவன் மேலிருந்து இறங்கினான். மஞ்சள் சிட்டு தலைகீழாகச் சரிந்து தாழ்ந்தது.

“போதுமுங்க, விட்டுருங்க. நான் இறங்கிக்கறேன்,” என்ற மருதாசலத்தின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

“இறங்கத்தான மாப்பிள்ளை சொல்றோம்!” என்று சாந்தலிங்கம் சிரித்தார். சிரித்துக்கொண்டே நேர் எதிரே வந்தார்.

இணங்கி மற்ற வானூர்திகளை மட்டும்தான் பார்க்கும். மலையையும் கம்பியையும் விமானியே பார்த்துக்கொள்ள வேண்டும். பிடி பூட்டிக் கிடக்கும்போது அவன் பார்த்தும் பயனில்லை. மூன்றாவது முறை மஞ்சள் சிட்டு தாழ்ந்தபோது உயரழுத்த மின்கம்பி அதன் குறுக்கே நின்றது. ஒலிபெருக்கியில் “யசோ” என்று ஒரு சத்தம். பிறகு இரைச்சல் மட்டும்.

அவள் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சிட்டு வாய்க்கால் கரையில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மருதாசலத்தை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அவன் சட்டையும் தோலும் ஒன்றாகியிருந்தன. கையைத் தொட்டாள். அவளுடைய விரல்களோடு தோல் உரிந்து வந்தது. அவனுக்கு உயிர் இருந்தது.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் அவளை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

“அவரு வண்டி உங்க வீட்டுக்காரர் வண்டியில பட்டுச்சுங்களா?”

“படலை.”

“திருப்புனது யாரு? இணங்கி. அவரு நேராத்தான் போயிருக்காரு. ஒதுங்குறவங்கதான் இடம் பாத்து ஒதுங்கணும்னு சட்டத்துல இருக்குதுங்க. நான் என்னத்தைங்க பண்ணட்டும்?”

யசோதரை எழுந்து வந்துவிட்டாள்.

மருதாசலம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த மாதங்களில்தான் அவள் பொள்ளாச்சி சாலையில் இருந்த முறுக்குக் கூடத்தில் சேர்ந்தாள். கோபத்தை ஏற்றிவிடும் பயிற்சிக்கூடங்கள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தன. இதை நடத்தியவள் செண்பகம் என்ற பழைய கபடி ஆட்டக்காரி. நனைந்த சாக்கைச் சுருட்டி முதுகில் அடிப்பாள். முகத்தில் துப்புவாள். பிறகு இரண்டு பேரை வட்டத்துக்குள் விட்டு, ஒருத்தி விழும்வரைக்கும் அடித்துக்கொள்ளச் சொல்வாள்.

முதல் நாள் யசோதரை விழுந்தாள். மூக்கு உடைந்தது. சில வாரங்களில் விழுவதை நிறுத்தினாள். ஒருநாள் எதிரே நின்றவளின் தோள்பட்டை எலும்பு தன் முழங்கைக்கு அடியில் மளுக்கென்று முறிந்ததைக் கேட்டாள். அவள் அலறியபோது யசோதரைக்குள் ஏதோ சிலிர்த்தது. நிறுத்தத் தோன்றவில்லை. செண்பகம் வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும்போது நோயாளிகள் கையை இழுத்துக்கொண்டார்கள். அவளுடைய விரல் பதிந்த இடம் கன்றிப்போனது.

மருதாசலம் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் கண்கள் மட்டும்தான் பழையபடி இருந்தன.

“யாரு அடிச்சா?”

“யாரும் அடிக்கலீங்க. நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.”

“அவனை வுட்டுரு யசோ. நான் ஒதுங்குனது ஒண்ணும் தப்பில்லையே.”

“நீங்க ஒதுங்கலீங்க,” என்றாள் அவள். “உங்களை ஒதுக்குனாங்க.”

அதற்குமேல் அவனுக்குப் பேச மூச்சு இல்லை.

பல் டாக்டர் மருதாசலத்தின் விபத்துக்குப் பிறகு பறப்பதை விட்டுவிட்டார். தன்னுடைய சாம்பல் நிறச் சிட்டை யசோதரையிடம் கொடுத்தார். “எனக்கு வேண்டாமுங்க. அதுல ஏறவே மனசு வரலை,” என்றார். அந்தச் சிட்டில்தான் அவள் சாந்தலிங்கத்தைத் தேடிப் போனாள். செண்பகத்திடம் அடி வாங்கி, வாயில் ரத்தச் சுவையோடு, காற்றாலைகளுக்கு மேலே நேர் எதிரே போனாள். தான் கத்துவது தனக்கே கேட்டது. இரண்டு சிட்டுகளும் நெருங்கின. பிடி பூட்டிக்கொண்டது. அவளுடைய சிட்டுதான் திரும்பியது.

“என்ன அம்மிணி, கோவம் பத்தலையே,” என்றார் சாந்தலிங்கம் ரேடியோவில். “இன்னுங் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க.”

மறுவாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய சிட்டையே இணங்கி திருப்பியது. அவளிடம் இருந்தது ஒரு வருஷத்துக் கோபம். அவர் அதைப் பதினைந்து வருஷமாக வளர்த்து வைத்திருந்தார். மேலும், சாயங்காலம் மருதாசலத்துக்குக் கஞ்சி புகட்ட அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கத்திக்கொண்டு பாயும்போதும் அது மனதின் ஓரத்தில் இருந்தது. இணங்கி அதையும் படித்துவிட்டது.

ஆடி மாதத்தில் மருதாசலம் இறந்தான். தொற்று நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். எரித்துவிட்டு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யசோதரை ஓடுதளத்துக்குப் போனாள். முறுக்குக் கூடத்துக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயவில்லை. கேன்டீனில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நேராகப் போய்ச் சிட்டில் ஏறினாள்.

ஆடிக்காற்று பலமாக இருந்தது. காற்றாலைகளின் பெரிய இறக்கைகள் வேகமாகச் சுழன்றன. அவற்றுக்கு மேலே சாந்தலிங்கத்தின் சிவப்புச் சிட்டு வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அது எதிரே வந்தது.

“வாங்க அம்மிணி! கேள்விப்பட்டேன். பாவம், நல்ல மனுசன்,” என்றார்.

அவள் தனக்குள் கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அவரைக் கொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. அந்தச் சிவப்பு நிறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாடி ஒரே சீராக அடித்தது. பிடியில் கை சும்மா கிடந்தது. இறங்கிப் போய் யாருக்கு என்ன செய்வது?

பிடி பூட்டிக்கொண்டது. அவளுடைய சிட்டு நேராகவே போனது.

“டேய்... என்னடா இது...” சாந்தலிங்கத்தின் குரல் மாறியது. “பிடி வரமாட்டேங்குது. அம்மிணி, திரும்புங்க. திரும்புங்க அம்மிணி, கீழ காத்தாடி...”

சிவப்புச் சிட்டு சரிந்து கீழே இறங்கியது. காற்றாலையின் இறக்கை ஒன்று மேலிருந்து வந்து அதை விமானி அறைக்குப் பின்னால் வெட்டியது. வால்பக்கம் தனியாகத் தெறித்துப் போனது. முன்பக்கத்தை அடுத்த இறக்கை வாங்கி அடித்தது. சாந்தலிங்கம் வாரோடு வெளியே வீசப்பட்டு, கையும் காலும் விரிந்தபடி சுழன்றுகொண்டே சோளக்காட்டில் விழுந்தார். இறக்கை அதன்பின்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் வெள்ளையில் ஒரு நீண்ட சிவப்புக் கோடு போய்ப்போய் வந்தது.

யசோதரை இறங்கினாள். கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். பிறகு கேன்டீனுக்குப் போய்த் தட்டு நிறையச் சாப்பிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சோற்றுக்கு ருசி இருந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் அதே ஆய்வாளர் இருந்தார். சாந்தலிங்கத்தின் மகள் கோகிலவாணி சுவரோரம் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் அப்பாவின் வளர்ப்பு. கோயம்புத்தூரில் கண் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், சேதி கேட்டு அப்படியே வந்திருந்தாள்.

“இவங்க நேராத்தான் போயிருக்காங்கம்மா,” என்று ஆய்வாளர் அவளிடம் சொன்னார். “ஒதுங்குறவங்கதான் இடம் பாத்து...”

“புரியுதுங்க,” என்றாள் கோகிலவாணி.

வெளியே வாசலில் அவள் யசோதரையின் பின்னாலேயே வந்தாள். அடிக்க வருகிறாள் என்று நினைத்து யசோதரையின் தோள் தானாக இறுகியது. அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்றாள்.

“எங்கப்பாவுக்கு இருந்த கோவம் இந்தச் சீமையில ஒருத்தருக்கும் கிடையாதுங்க. ஊட்டுலயும் அப்படித்தான். உங்களுக்கு அதைவிட வந்துச்சா?”

“இல்ல. எனக்குக் கோவமே வரலை.”

“அப்புறம் எப்படிங்க?”

யசோதரை சொல்லாமலிருந்திருக்கலாம். அவள் பொய் சொல்லும் நிலையில் இல்லை.

“திரும்பி ஊட்டுக்குப் போகணும்னு தோணலை,” என்றாள். “அவ்வளவுதான்.”

கோகிலவாணி அதைக் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

இணங்கியைச் செய்தவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையின் பதிவை எடுத்து ஆராய்ந்தார்கள். இத்தனை காலமும் கோபத்தை மிகையாக எடை போட்டுவிட்டோம் என்று அவர்களுக்குப் புரிந்தது. கோபக்காரர்கள் கத்துவார்கள், விறைப்பார்கள், ஆனால் கடைசி நொடியில் பலபேர் திரும்பிவிடுவார்கள். இழக்க ஒன்றுமில்லாதவர்கள் திரும்புவதில்லை. அதன்படி எல்லாக் கருவிகளிலும் கணக்கைத் திருத்தினார்கள். ஒரே வாரத்தில் முறுக்குக் கூடங்கள் காலியாயின. செண்பகம் கபடி சொல்லித் தரப் போய்விட்டாள்.

சிட்டு வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வானத்தில் வழி வேண்டுமே. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையும், தீராத நோய் என்று டாக்டர் கைவிட்டவர்களையும் தேடிப்பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுத்து முன்னிருக்கையில் உட்காரவைத்தார்கள். முதலாளிகள் பின்னிருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சாந்தலிங்கத்தின் கூட்டாளி ஒருவரே யசோதரையின் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகட்டி நின்றார்.

“நீங்க எங்களுக்கு ஓட்டுனீங்கன்னா நெம்பப் புண்ணியமுங்க. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்கிறது கஷ்டம்.”

அவள் மேசையிலிருந்த ரத்தக் குழாய்களை அப்படியே அள்ளி அவர் முகத்தில் வீசினாள். உடைந்த கண்ணாடி அவர் புருவத்தைக் கிழித்தது. அவர் துடைத்துக்கொண்டே, “யோசிச்சுச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாருக்காகவும் அவள் ஓட்டவில்லை. தனக்காக ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மேலே போனதும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிட்டுகள் தாமாக விலகின. மருதாசலம் தீராது என்று சொன்ன வானம் முழுக்க அவளுக்கு இருந்தது. முதலில் அவள் அதை அவனுக்காக என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அந்த விலகலுக்காகவே போனாள். வேண்டுமென்றே கூட்டம் இருக்கும் பக்கமாகத் திருப்பினாள். சிட்டுகள் சிதறுவதைப் பார்த்தாள். ஒருநாள் வெள்ளைச் சிட்டு ஒன்று அவள் வழியிலிருந்து வீசியடிக்கப்பட்டு, மலைச்சரிவை உரசிக்கொண்டு மேலே எழும்பியது. ரேடியோவில் குழந்தை வீறிடுவது கேட்டது. ஒரு ஆணின் குரல், “போதுமுங்க, விட்டுருங்க,” என்றது.

யசோதரை ரேடியோவை அணைத்துவிட்டு நேராகவே போனாள்.

கோகிலவாணி படிப்பை நிறுத்திவிட்டு உரிமம் வாங்கியிருந்தாள். அது யசோதரைக்குத் தெரியாது. மார்கழிப் பனி விலகிய ஒரு காலையில் கணவாயின் வாயருகே எல்லாச் சிட்டுகளும் விலகிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் விலகாமல் வந்தது. சிவப்பு. சாந்தலிங்கம் வைத்திருந்த அதே ரகம்.

“யாரது?” என்று கேட்டாள் யசோதரை.

“கோகிலாங்க.”

யசோதரை பிடியில் கையை வைத்துக் காத்திருந்தாள். இப்போது பூட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணின் சிட்டைத் திருப்பும். கீழே பாறைகள். யசோதரை கீழே பார்க்காமலிருக்க முயன்றாள்.

பூட்டிக்கொண்டது. மறுகணம் விட்டது. மறுபடியும் பூட்டிக்கொண்டு மறுபடியும் விட்டது. இரண்டு இணங்கிகளும் இரண்டு பெண்களையும் மாறி மாறி எடைபோட்டுப் பார்த்தன. ஒரே மாதிரி நாடி. ஒரே மாதிரிக் கை. விழியில் ஒரே வெறுமை. ஒருத்தியைக்கூட ஒதுங்குகிறவள் என்று அவற்றால் சொல்ல முடியவில்லை. இப்படி ஒரு நிலை வரும் என்று அவற்றைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

கருவியிலிருந்து சாதுவான ஒரு குரல் வந்தது. “முடிவு செய்ய இயலவில்லை. விமானி பார்த்துக்கொள்ளவும்.”

பிடி தளர்ந்து அவளுடைய கையில் விழுந்தது.

எதிரே ஒரு சிட்டு வரும்போது பிடி தன் கையில் இருப்பது யசோதரைக்கு இதுவே முதல் தடவை. இதுவரை அவள் சாகத் தயாராக இருந்தாள் என்பதை ஒரு கருவி படித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. நேராகப் போனது அவளில்லை, கருவி. இப்போது நேராகப் போனால் அது அவளே போவது. அந்தப் பெண்ணைக் கொல்வதும் அவளே. சிவப்புச் சிட்டின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பது தெரிந்தது. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் பயம் பாய்ந்தது. சாக வேண்டாம், அவளும் சாக வேண்டாம் என்று கை அவளைக் கேட்காமல் பிடியை இழுத்தது.

எதிரெதிரே வரும் இருவர் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதற்கு ஒரு காலத்தில் விதி இருந்தது. இருவரும் அவரவர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இணங்கி வந்த சில வருஷங்களிலேயே பயிற்சிப் பாடத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஒதுங்குவதைக் கருவி பார்த்துக்கொள்ளும்போது மனிதனுக்கு எதற்கு? யசோதரைக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. கோகிலவாணிக்கும் சொல்லித் தரவில்லை.

யசோதரை இடப்பக்கம் திருப்பினாள். அங்கேதான் மலை இல்லாமல் வெட்டவெளியாக இருந்தது. கோகிலவாணியும் அதே வெட்டவெளியைப் பார்த்துத்தான் திருப்பினாள். அவளுக்கு அது வலப்பக்கம்.

இரண்டு சிட்டுகளும் வயிற்றோடு வயிறு மோதின. யசோதரையின் சிட்டில் முன்னால் சுழன்ற விசிறி உடைந்து அவளுடைய தொடைக்குள் புகுந்தது. கண்ணாடி நொறுங்கி முகமெல்லாம் தைத்தது. தாழப் பறக்கும்போது விரியாத பாராசூட் குடை இப்போது விரிந்து சாம்பல் சிட்டைப் பாதியில் பிடித்து இழுத்தது. சிவப்புச் சிட்டின் குடை சுற்றிக்கொண்டு பாதிதான் விரிந்தது. அது தென்னந்தோப்புக்குள் மட்டைகளை முறித்துக்கொண்டு போய் விழும் சத்தம் மேலேயே கேட்டது.

சாம்பல் சிட்டு தரை தட்டியதும் யசோதரை வாரை அவிழ்த்துக்கொண்டு வெளியே விழுந்தாள். ஒரு கால் வேலை செய்யவில்லை. முழங்கையை ஊன்றி, வரப்பைத் தாண்டி, தோப்புக்குள் ஊர்ந்து போனாள். பின்னால் மண்ணில் ரத்தம் இழுபட்டது. சிவப்புச் சிட்டு இரண்டு மரங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது. கோகிலவாணி இடுப்புவரை அதற்குள் இருந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு கம்பி வெளியே வந்திருந்தது. கண் திறந்திருந்தது.

“கோகிலா... கண்ணு, அசையாத. வந்துருவாங்க. இதோ வந்துருவாங்க.” அவள் தன் புடவையைக் கிழித்துக் கம்பியைச் சுற்றி அழுத்தினாள். ரத்தம் எடுத்தே பழகிய கைக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. துணி உடனே நனைந்தது.

கோகிலவாணி அவளைப் பார்த்தாள். வெறுப்பு ஏதும் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற முகம்.

“நாந்தான் ஒதுங்கிட்டேனுங்களே...” என்றாள். வாயோரம் ரத்தம் குமிழியிட்டது. “நீங்க பேசாம நேராப் போயிருக்கலாமே, அக்கா?”

யசோதரை துணியை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.